ஒழுகுகிற கூரையும் என் நீலத் தறப்பாளும்

என் பிள்ளைக்கு,

அம்மா சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு ஹம்பேர்க்கில் தையல்காரியிடமும் மாதா கோயிலுக்குமாக ஓடித் திரிகிறவள் சுகமாகத்தான் இருப்பாய். உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பதில் போடாததற்குக் கைநோவு, வேலைக் களைப்பு என்று எதையாவது எழுதலாமென்று பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். உனக்குத் தெரியும், எனக்கு ஒரு நோவு வந்தால் முதலில் உனக்குத்தான் ரெலிபோன் எடுத்துப் புலம்புவேன். காரணம் அதில்லை. நீ எழுதியிருந்த இரண்டு காரியங்கள்தான் காரணம். ஒன்று, கல்யாணத்தன்று உன்னை உடுத்தி வெளிக்கிடுத்தும்போது வெள்ளை முக்காட்டை எங்கள் பழைய பக்கத்து வீட்டு ஹன்னா குத்திவிட வேண்டும், அதற்கு நான் சம்மதித்து ஓம் சொல்ல வேண்டும். மற்றது, விருந்தில் நீ எழுந்து நின்று தறப்பாள் கதையை எல்லாருக்கும் சொல்லப் போகிறாய். "எங்கட அம்மா எப்பிடிப்பட்ட ஆள் எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியட்டும்" என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தவள், அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

பிள்ளை, அந்தக் கதையை நீ அப்படிச் சொல்லக்கூடாது. நீ சொல்கிற மாதிரி அது நடக்கவில்லை. மூன்று வருசமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறாய்: அம்மா ஒன்றும் அறியாத அப்பாவி, மழை வருகுதென்று பக்கத்து வீட்டுக்காரியின் பண்டிகைக் குடிலைத் தறப்பாள் போட்டு மூடினா, பிறகு பிழை என்று அறிந்ததும் தானே ஏணியில் ஏறி அவிழ்த்தா. கேட்கிற சனம் "என்ன நல்ல மனிசி" என்று என்னைப் பார்க்கும்போது நான் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ அதை அடக்கம் என்று நினைத்தாய். அது வெட்கம். இதை வாசித்து முடிக்கும்போது உனக்கு என்மேல் இருக்கிற மதிப்புப் போய்விடலாம். போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனால் என்னால் தாங்க ஏலாது. ஆனாலும் கோயில் படி ஏறப் போகிற பிள்ளைக்குப் பொய்யைச் சீதனமாகக் கட்டிக் கொடுக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் டுசல்டோர்ஃபில் அகதிகளை வைத்திருந்த அந்த ஹைமில் எட்டு மாதம் இருந்திருப்போம். உனக்குப் பதினெட்டு. ஒரே அறையில் நீயும் நானும், மற்றப் பாதியில் ஒரு தாயும் அவளுடைய மூன்று பிள்ளைகளும். நடுவில் ஒரு சாம்பல் நிறக் கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டு அதைச் சுவர் என்று சொல்லிக்கொண்டோம். வேலை செய்ய ஏலாது என்று காகிதத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். சமைக்கவும் ஏலாது, சாப்பாடு பொட்டலமாக வரும். நாள் முழுக்க எனக்கு இருந்த ஒரே வேலை யன்னலடியில் நிற்பது. யன்னலுக்குக் கீழே ஹன்னாவின் வளவு. அவளுடைய கொடியில் காய்ந்த ஒரு துவாய் காற்றுக்கு வேலி தாண்டி எங்கள் பக்கம் விழுந்து, அதை நீ எடுத்துக் கொடுக்கப் போய், அன்றைக்குத் தொடங்கியது. பிறகு நீ வரும்போதெல்லாம் உன் உடுப்பில் அவளுடைய குசினி மணம் இருக்கும், வாயில் அவளுடைய பெயர் இருக்கும். ஹன்னா இப்பிடிச் சொன்னா, ஹன்னா அப்பிடிச் சொன்னா. ஒருநாள் சோப்பைக்கூட "ஹன்னா வைக்கிற மாதிரி" திருப்பி வைத்தாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அவளில் என்ன பொறாமை என்று கேட்டால் எங்கே தொடங்குவது? அவள் என் வயது, ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். அவள் கறிச்சட்டி திறக்கும்போது குசினி யன்னலில் ஆவி படியும். அந்த ஆவியில் எனக்குப் பொறாமை. அவளுடைய புருசன் யோசெப் பின்னேரம் இரண்டு கையிலும் பை கொண்டு வந்து கதவைக் காலால் தள்ளித் திறப்பார். உன் அப்பா செத்து நாலு வருசம், எனக்குப் பை தூக்க ஆளில்லை, தூக்கப் பையும் இல்லை. அவளுடைய பாஸ்போர்ட் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும், அதை அவள் நினைப்பதுகூட இல்லை. இதெல்லாவற்றையும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் நீ அங்கே இருந்து சிரிக்கிற சத்தம் மேலே எனக்குக் கேட்கும். அப்பா போன பிறகு நீ என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒக்டோபரில் ஒருநாள் யோசெப் வளவுக்குள் பலகை அடுக்குகிறார். மூன்று பக்கம் அடைப்பு, மேலே வெட்டின மரக்கொப்புகள். ஆகாயம் பொத்தல் பொத்தலாகத் தெரிகிறது. கிடுகு பின்னிக் கூரை வேய்ந்த கை என்னுடையது, இப்படி ஒரு கேவலமான கூரையை நான் கண்டதில்லை.

"என்ன பிள்ளை அது, கோழிக்கூடோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, பண்டிகை. ஏழு நாளைக்கு உதுக்குள்ளை இருந்துதான் சாப்பிடுவினம். வலு சந்தோசமான பண்டிகையாம். சந்தோசமாய் இருக்க வேணும் எண்டு கட்டளையே இருக்காம்."

"வீடு வாசல் இருக்கிறவைக்கு ஏன் இந்த விசர்?"

"அவை யூதர். அவையின்ர ஆக்கள் முந்தி நாடில்லாமல் வனாந்தரத்திலை அலைஞ்சவை எல்லோ, அதை நினைக்கிறதுக்குத்தான்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கூடாரப் பண்டிகை. கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும்போது எத்தனையோ தரம் காதில் விழுந்த சொல். அது இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு காரியம் என்றும், அதற்குப் பக்கத்து வளவில் ஆணி அடிப்பார்கள் என்றும் நான் நினைத்ததேயில்லை. நீ கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து விதிமுறை எல்லாம் ஒன்றொன்றாகச் சொன்னாய். கூரை மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். இராவில் ஆகாயத்து வெள்ளி தெரிகிற மாதிரி இடைவெளி விட வேண்டும். கூரைக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் வேறொன்றும் இருக்கக்கூடாது, இருந்தால் அது குடில் என்ற கணக்கில் வராது. பொழுதுபட்டுப் பண்டிகை தொடங்கிவிட்டால் கட்டவும் ஏலாது, அவிழ்க்கவும் ஏலாது, வேறு ஆளைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லவும் ஏலாது. நான் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினேன். ஞாபகம் இருக்கிறதா பிள்ளை? நீ எனக்குச் சொன்னாய். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

"நாளைக்குத்தான் பண்டிகையின்ர முதல் நாள். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா, அம்மா. விருந்தாளி இல்லாமல் அந்தக் குடிலிலை இருக்கக் கூடாதாம். அகதி, விதவை, தகப்பனில்லாத பிள்ளை, இவையளை மேசைக்குக் கூப்பிட வேணுமாம்."

"ஓ, மூண்டையும் ஒரே யன்னலிலை கண்டிட்டாவாக்கும்" என்றேன். "நீ போ. எனக்கு ஏலாது."

நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்தாய். நான் கம்பளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஏழு நாளைக்கு அகதியாக இருந்து பார்த்துவிட்டு எட்டாம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறவள் எங்களை விருந்துக்குக் கூப்பிடுகிறாள். எனக்கு எட்டாம் நாள் எது என்று சொல்ல அந்த நாட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நீ டொச் மொழி வகுப்புக்குப் போய்விட்டாய். ஹன்னாவும் புருசனும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கடைசிச் சாமான்கள் வாங்கக் காரில் போனதை யன்னலில் நின்று பார்த்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹைமின் நிலவறையில் பழைய மெத்தைகளை மூடியிருந்த நீலத் தறப்பாளை இழுத்தெடுத்து, வேலியில் இருந்த பொட்டு இடைவெளியால் புகுந்து, யோசெப் சாத்தி வைத்திருந்த ஏணியிலேயே ஏறி, அந்தக் கூரையை மூடினேன். ஒரு வெள்ளியும் தெரியாமல், ஒரு துளி மழையும் இறங்காமல், நாலு மூலையையும் இழுத்துக் கட்டினேன். வேலி கட்டுகிற மாதிரிக் கட்டினேன். "ஐயோ மழை வருகுது" என்று என் வாய் சத்தமாகச் சொல்லிக்கொண்டது, யாரும் கேட்டாலும் என்று. மனசு சொன்னது வேறு. இப்ப சந்தோசமாய் இருங்கோ பாப்பம்.

அறைக்கு ஓடி வந்து யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் வந்தார்கள். சின்னவள் முதலில் கண்டு குழறினாள். யோசெப் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து குடிலில் சாத்தினார். ஹன்னா அவருடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பிறகு நிமிர்ந்து நேரே என் யன்னலைப் பார்த்தாள். நான் பின்னுக்கு நகர்ந்தேன். திரும்ப எட்டிப் பார்த்தபோது அவர் ஏணியைத் திரும்ப மதிலில் சாத்திக்கொண்டிருந்தார். பொழுதுபட்டுவிட்டது, இனி அவர்களால் ஒன்றும் ஏலாது என்று நினைத்தேன். எனக்கு அப்போது சந்தோசமாக இருந்தது, பிள்ளை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரத்தால் ஹன்னா வேலியடிக்கு வந்து கூப்பிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அவளுடைய டொச்சை எங்கட பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். "மழைக்கு மூடினீங்கள் போலை. நன்றி. எங்களுக்கு மேலை பார்க்க ஏலாமல் இருக்கும், அது ஒண்டுதான் கவலை." அவிழ்த்துவிடு என்று கேட்க அவளுக்கு வழியில்லை, அதனால்தான் இப்படிச் சாடையாகச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாக விளங்கியது. டொச் விளங்காத முகத்தை வைத்துக்கொண்டு "யா, யா" என்று தலையாட்டினேன். அவள் போய்விட்டாள். வீட்டுக்குள் மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. உள்ளே இருந்து சாப்பிட்டுவிட்டுச் சோகமாகப் படுப்பார்கள் என்று பார்த்தால், எல்லாரும் வெளியே வந்தார்கள். குடிலுக்குள் போகவில்லை. அதற்குப் பக்கத்தில், தூறலுக்குள், வெறும் வளவில் நின்று பாடினார்கள். சின்னவள் தண்ணி தேங்கின இடத்தில் குதித்தாள். யோசெப்பின் கண்ணாடியெல்லாம் மழைத்துளி, மனிசன் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். ஹன்னா சிரிக்கிறாள். கூரையை நான் கெடுத்துவிட்டேன், இவளுக்கு இன்னும் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு விசர் பிடித்தது.

மனந்திரும்பிக் கீழே போனேன் என்று நினையாதே. களவெடுக்க வந்தவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரித்தான் இறங்கிப் போனேன். அவளுடைய சந்தோசம் எங்கே இருக்கிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டியிருந்தது. கூரையில் இல்லை என்று தெரிந்துவிட்டது. போனவளுக்கு அங்கே சும்மா நிற்க ஏலவில்லை. ஏணியை எடுத்தேன், ஏறினேன். மழையில் நனைந்த முடிச்சு அவிழுமா? நகம் பிய்ந்தது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை, வரவும் ஏலாது. நாலு பேரும் கீழே நின்று என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நீ பையோடு வந்தாய். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்று கத்தினாய். நான் வாயைத் திறக்க முன்னம் ஹன்னா சொன்னாள்: "உங்கட அம்மா மழைக்கெண்டு மூடினவ. இப்ப எங்களுக்காக அவிழ்க்கிறா." உன் கதை அங்கே பிறந்தது. ஹன்னா அதைப் பெற்றுப் போட்டாள், நான் மறுக்காமல் வளர்த்தேன்.

அன்றைக்கு அந்த ஈரக் கதிரையில் இருந்து சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். வெள்ளி ஒன்றும் தெரியவில்லை. நனைந்த கொப்பும் கறுத்த முகிலும்தான். என் சூப்புக்குள் மூன்று துளி விழுந்தது, எண்ணினேன். ஹன்னா கதைக்கக் கதைக்க நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அவள் இந்த நாட்டில்தான் பிறந்தாளாம், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, ஒரு அகதி முகாமில். ஒரு அறைக்குப் பத்துப் பேர். நடுவில் கம்பளி. அவளுடைய தகப்பன் கட்டில் பலகையைக் கழற்றி முகாம் வாசலில் இப்படி ஒரு குடில் கட்ட, மற்றச் சனம் சிரித்ததாம்: இருக்கிறதே முகாம், அதற்குள் உனக்கு ஒரு குடில் கேட்குதோ என்று. அந்த மனிசன் சொன்னாராம், "முகாம் அவங்கள் தந்தது. இது நான் கட்டினது. இதுக்குள்ளை நான் விருந்தாளியைக் கூப்பிடலாம்." நீ அதைச் சொல்லும்போது உன் குரல் தளதளத்தது. ஆனால் அதற்குள்ளும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவளுடைய முகாம் முடிந்துவிட்டதே என்றுதான். என்னத்தைச் சொல்ல, உன் அம்மா அப்படிப்பட்டவள்.

அந்தப் பண்டிகையின் உள்ளர்த்தத்தை ஹன்னா ஒருநாளும் எனக்கு விளக்கவில்லை. நான் பொறாமையில் நோண்டி நோண்டி எடுத்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன். ஒழுகுகிற கூரையை வேண்டுமென்றே கட்டுகிறார்கள். கதவுக்குப் பூட்டில்லை. எங்களைக் காப்பாற்றுவது இந்தப் பலகை இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்து ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டுச் சந்தோசப்படுகிறார்கள். சந்தோசம் எல்லாம் சரிவந்த பிறகு வருகிற காரியம் என்று நான் நினைத்திருந்தேன். உன் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு நீ ஒரு கேக் கேட்டாய். "காகிதம் வரட்டும் பிள்ளை, பிறகு கொண்டாடுவம்" என்றேன். காகிதம் வந்தபோது உனக்கு இருபது. நீ பிறகு கேட்கவேயில்லை. அந்தப் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஹன்னா வீட்டில் உனக்கு ஒரு கேக் வெட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன். அதற்கும் அவளைத்தான் மனதுக்குள் திட்டினேன், என்னைத் திட்டவில்லை. நீயும் உன் புருசனும் வீடு எடுப்பீர்கள், நல்ல வீடாக எடுங்கள், பூட்டும் போடுங்கள். ஆனால் ஒரு நல்ல நாளைக்கூடக் காகிதம் வரட்டும், காசு வரட்டும் என்று தள்ளி வைக்காதே. இருக்கிற கூரைக்குக் கீழே மேசையைப் போட்டு யாரையாவது கூப்பிடு.

நேற்று நான் ஹன்னாவிடம் போனேன். பண்டிகை நாட்கள்தான், குடில் நிற்கிறது, அதே கேவலமான கூரை. தனியாக ட்ராமில் போனேன். வழி முழுக்க டொச்சில் சொல்லிப் பழகினேன். அவள் சூப் வார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். "அண்டைக்கு எனக்கு விதி தெரியும். தெரிஞ்சுதான் மூடினனான்."

அவள் வார்ப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கட மகள் முதல் நாளே சொன்னவ, அம்மாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்திப் போட்டன் எண்டு."

"அப்ப ஏன் நன்றி சொன்னனீங்கள்?"

"யோசெப் ஏணி எடுத்தவர், கண்டிருப்பீங்கள். பண்டிகை தொடங்க இன்னும் இருபது நிமிசம் இருந்தது. கயித்தை வெட்டி எறியிறன் எண்டவர். நான்தான் விடேல்லை. வெட்டியிருந்தால் கூரை கிடைச்சிருக்கும். நீங்கள் மேலை யன்னலிலையே நிண்டிருப்பீங்கள்."

இருபது நிமிசம் இருந்திருக்கிறது, பிள்ளை. நான் ஜெயித்துவிட்டேன் என்று திரைக்குப் பின்னால் நின்று சந்தோசப்பட்ட அதே நேரத்தில் அவள் தன் குடிலை விட்டுக்கொடுத்துவிட்டு என் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கோதாரி விழுந்தவள், மன்னிக்கிறதிலும் என்னை மூன்று வருசம் முந்திவிட்டாள். சூப்பைக் குடித்தேன். நல்ல சூப். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். தறப்பாள் கதையைச் சொல்லு. சொன்னால் முழுக்கச் சொல்லு, ஏணியையும் இருபது நிமிசத்தையும் சேர்த்து. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். சனிக்கிழமை அவையளின் ஓய்வுநாள், ஹன்னா வரமாட்டாள் என்பதற்காகத்தான் கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும், நீ மண்டபம் கிடைக்கவில்லை என்று கதை விடத் தேவையில்லை. முக்காட்டை அவள் குத்தட்டும். ஓம். ஆனால் தலை நான்தான் இழுத்துச் சீவிவிடுவேன். அன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, நீயும் நானும் மட்டும், அவள் வெளியே கதிரையில் காத்திருக்கட்டும். காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

விருந்தில் அவளை எனக்குப் பக்கத்தில் இருத்து. உனக்குப் பக்கத்தில் வேண்டாம்.

உன்னைப் பெற்றவள்